காமா இல்லாத இரத்தம்: பத்தொன்பது முறை நோயில் விழுந்த சிறுவன் பற்றிய நிகழ்வு ஆய்வு

குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தால் நம் வீடுகளில் முதலில் சொல்வது, "எதிர்ப்புச் சக்தி கம்மி" என்பதுதான். மருந்துக் கடைக்காரரும் அதையே சொல்வார். அதை ஏற்றுவதற்கென்றே டானிக்கும் பொடியும் அலமாரி நிறைய இருக்கின்றன. இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஓர் எண்ணம் இருக்கிறது: உடம்பைக் கிருமிகளிடமிருந்து காப்பது ஒரே ஒரு சக்தி, அது சிலருக்கு நிறைய இருக்கிறது, சிலருக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு. எவ்வளவு தவறு என்பதை 1952-இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவான ஒரு சிறுவனின் நோய் காட்டியது. உடம்பின் தற்காப்பைப் பற்றி எத்தனையோ பாடநூல்கள் சொல்வதைவிட அந்த ஏழு பக்கக் கட்டுரை தெளிவாகச் சொல்கிறது என்பது என் எண்ணம். அதனால்தான் இந்த நிகழ்வை முழுதாக எடுத்துக்கொள்கிறேன்.

நோயாளி

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவர் கர்னல் ஆக்டன் புரூட்டன். அவரிடம் சிகிச்சையில் இருந்தவன் 8 வயதுச் சிறுவன். நான்கே ஆண்டுகளில் 19 முறை, இரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ் நோய்க்கு ஆளாகியிருந்தான். சராசரியாகப் பார்த்தால் இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை. அவற்றில் 10 முறை இரத்தத்தை எடுத்துக் கல்ச்சர் செய்தபோது கிருமி வளர்ந்தது. பத்து முறையும் அது நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் ஏதாவதொரு வகை.

இந்த வரலாற்றில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அவன் ஒவ்வொரு முறையும் பிழைத்தான் என்பது. 1940-களுக்கு முன் பிறந்திருந்தால் முதல் தாக்குதலிலோ இரண்டாவதிலோ போயிருப்பான்; இறப்புக்குக் காரணம் நிமோனியா என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்த பிறகுதான் இப்படிப்பட்ட குழந்தைகள் பத்தொன்பதாவது முறை நோயில் விழும்வரை உயிரோடு இருந்தார்கள். அப்போதுதான் 'ஏன் திரும்பத் திரும்ப?' என்ற கேள்விக்கே இடம் வந்தது. பென்சிலின் ஒரு நோயைக் குணமாக்கியதோடு நிற்கவில்லை. அதுவரை யார் கண்ணிலும் படாத இன்னொரு நோயை வெளியே கொண்டுவந்தது.

இரண்டாவது, வந்த கிருமி. பலவீனமான உடம்பு என்றால் கண்ட கிருமியும் உள்ளே வர வேண்டும் அல்லவா? இவன் இரத்தத்தில் பிடிபட்டதோ ஒரே கிருமி. அவன் உடம்பில் ஏதோ ஒரு கதவு மட்டும் திறந்து கிடந்தது. எந்தக் கதவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

தேடல்

நிமோகாக்கஸ் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அதற்கு எதிராகத் தடுப்பூசி போட்டுப் பார்ப்போம் என்று புரூட்டன் முயன்றார். ஊசிகள் போட்டார்கள், கிருமிமேல் ஒட்டிக்கொள்ள உடம்பு செய்யும் புரதமான ஆன்டிபாடி இரத்தத்தில் எழுகிறதா என்று தேடினார்கள். எழவே இல்லை. டைபாய்டு தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். இல்லை. டிப்தீரியாவுக்கும் இல்லை. ஒரு தடுப்பூசி பலிக்காமல் போவது நடக்கிற காரியம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்றும் பலிக்கவில்லை என்றால், ஆன்டிபாடி செய்யும் பட்டறையையே சந்தேகப்பட வேண்டும்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் கருவி அப்போது புதிது. ஸ்வீடனின் உப்சாலாவில் ஆர்னே டிசெலியஸ் 1937-இல் வெளியிட்ட முறை அது: இரத்தத்தின் தெளிந்த பகுதியான சீரத்தில் மின்னோட்டம் செலுத்தினால், அதில் உள்ள புரதங்கள் தத்தம் மின்னூட்டத்துக்கு ஏற்ப வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து பிரியும். ஆல்புமின் முந்தி ஓடும். பின்னால் ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று கூட்டங்கள். 1939-இல் டிசெலியஸும் எல்வின் கபாட்டும் முயல்களை வைத்து இன்னொன்றைக் காட்டினார்கள். முட்டைப் புரதத்துக்கு எதிராக ஏராளமான ஆன்டிபாடி ஏறிய முயலின் சீரத்தில் காமா மேடு உயர்ந்து நின்றது. அந்த ஆன்டிபாடியை மட்டும் வடித்து எடுத்தவுடன் மேடு தணிந்தது. ஆன்டிபாடிகள் இருப்பது காமாவில்தான் என்று அன்று முடிவானது. இந்தக் கருவிக்கும் ஆய்வுகளுக்கும் டிசெலியஸ் 1948-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

சிறுவனின் சீரத்தை அந்தக் கருவியில் ஓட்டினார்கள். ஆல்புமின் இருந்தது. ஆல்பா இருந்தது. பீட்டா இருந்தது. காமா இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

மொத்தப் புரத அளவு அவனுக்குச் சரியாகவே இருந்தது. அதாவது, வழக்கமான இரத்தச் சோதனையில் இந்த நோய் பிடிபட்டிருக்காது. சோறு போதாமல், புரதம் போதாமல் வந்த குறையும் இது இல்லை. மொத்தம் சரியாக இருந்து ஒரு கூறு மட்டும் அறவே இல்லாத நிலையை அதற்கு முன் யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை என்று புரூட்டன் எழுதினார். 'பீடியாட்ரிக்ஸ்' இதழின் 1952 ஜூன் பதிப்பில் அந்தக் கட்டுரை வந்தது.

சிகிச்சை

இல்லாததைக் கொடுத்துப் பார்ப்பது என்பதுதான் அடுத்த படி. கேட்க எளிதாக இருக்கிறது. பத்தாண்டுக்கு முன்பாக இருந்தால் கொடுப்பதற்கு அந்தப் பொருளே கையில் இருந்திருக்காது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக, ஹார்வர்டில் எட்வின் கோனின் குழு மனித இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைக் குளிர்ந்த ஆல்கஹாலால் கூறு கூறாகப் பிரிக்கும் முறையை உருவாக்கியிருந்தது. அவர்கள் முக்கியமாகத் தேடியது அதிர்ச்சி நிலைக்குப் போன சிப்பாய்க்குக் கொடுக்க ஆல்புமின். ஆன்டிபாடிகள் அடங்கிய காமா கூறு, அதாவது காமா குளோபுலின், கூடவே கிடைத்தது; தட்டம்மையைத் தடுக்கவும் கல்லீரல் அழற்சியைத் தடுக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள்.

புரூட்டன் அந்தக் காமா குளோபுலினைச் சிறுவனுக்குத் தோலுக்கடியில் ஊசியாகக் கொடுத்தார்: ஒரு தடவைக்கு 20 மில்லி, அதில் 3.2 கிராம் புரதம், மாதம் ஒரு முறை. அவன் சீரத்தில் காமா தென்பட்டது. நான்கு ஆண்டுகளாக விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த செப்சிஸ், ஊசி தொடங்கியபின் ஓராண்டுக்கு மேல் ஒருமுறைகூட வரவில்லை.

கிருமியைக் கொல்லும் மருந்து அதில் எதுவும் இல்லை. முகம் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த இரத்தத்தில், அவரவர் வாழ்நாளில் அவரவர் சந்தித்த கிருமிகளுக்கு எதிராகச் செய்து வைத்த ஆன்டிபாடிகள். அவை இந்தப் பையன் உடம்பில் இறங்கி வேலை செய்தன. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

மாதம் ஒரு முறை என்ற கணக்கும் சரியாகப் பொருந்துகிறது. ஐஜிஜி எனப்படும் முக்கியமான ஆன்டிபாடி ஏறக்குறைய மூன்று வாரத்தில் பாதியாகக் குறையும். இன்று எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 10 கிராமுக்குக் குறையாது. புரூட்டன் கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்குதான். அவ்வளவு குறைந்த அளவே ஒரு குழந்தையை ஓராண்டு காத்தது.

விவாதம்: அவனிடம் இருந்தது என்ன, இல்லாதது என்ன

இல்லாததைக் கண்டுபிடித்தாயிற்று. இருந்ததை முதலில் பார்ப்போம்.

காமா குளோபுலின் இல்லாத குழந்தைகளுக்குத் தோல் இருக்கிறது. மூச்சுக்குழாயில் சளிப் படலமும், அதை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்களும் இருக்கின்றன. வயிற்றில் அமிலம் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோபில் வெள்ளையணுக்களை உண்டாக்கி அனுப்புகிறது. கிருமி நுழைந்த இடத்தில் இரத்தக் குழாய் விரிகிறது, சூடேறுகிறது, சீழ் கட்டுகிறது. காய்ச்சல் வருகிறது. கல்லீரல் செய்யும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் இரத்தத்தில் இருக்கின்றன. டி செல்கள் என்ற வெள்ளையணுக்களும் இருக்கின்றன. இத்தனையும் வைத்துக்கொண்டு ஒரு நிமோகாக்கஸை ஏன் வெல்ல முடியவில்லை?

விடை அந்தக் கிருமியின் மேலுறையில் இருக்கிறது. நிமோகாக்கஸ் தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன வழவழப்பான உறை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. (1944-இல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் மரபுப் பொருள் டிஎன்ஏதான் என்று காட்டியது இந்த உறையை வைத்துத்தான். சின்னக் கிருமி, அறிவியலுக்குச் செய்த உதவி பெரிது.) உறையின் வேதிக் கட்டமைப்பு வகைக்கு வகை மாறும், நூறு வகைக்கு மேல் தெரிந்திருக்கிறது. வெள்ளையணு இந்தக் கிருமியை விழுங்கப் போனால் பிடி கிடைப்பதில்லை. உயிருள்ள விரால் மீனை வெறுங்கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாம்பலைப் போட்டுப் புரட்டினால் அதே மீன் கையில் நிற்கிறது. ஆன்டிபாடி அந்தச் சாம்பலின் வேலையைச் செய்கிறது: கிருமியின் உறைமேல் ஒட்டிக்கொள்கிறது, வெள்ளையணு அதன் வாலைப் பற்றிக் கிருமியை உள்ளே இழுக்கிறது. ஒட்டிய ஆன்டிபாடி காம்ப்ளிமென்ட் புரதங்களையும் எழுப்பிவிடும். அவையும் கிருமிமேல் படிந்து பிடியை இறுக்கும். மண்ணீரல் வழியாக ஓடும் இரத்தத்தில் இப்படிப் பூச்சு ஏறிய கிருமிகள் வடிகட்டப்படுகின்றன. மண்ணீரலை அறுவை செய்து எடுத்தவர்களுக்கும் நிமோகாக்கஸ் ஆபத்தாவது இதனால்தான்.

ஆன்டிபயாடிக் இல்லாத காலத்து மருத்துவர்கள் இதைப் படுக்கையருகே நின்று பார்த்திருக்கிறார்கள். நுரையீரலின் ஒரு மடல் முழுதும் நிமோனியா பிடித்த ஆள் ஒரு வாரம் கடும் காய்ச்சலில் கிடப்பார். ஏழாம் நாள் வாக்கில் திடீரென்று உடம்பெல்லாம் வியர்த்து, சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இல்லையென்றால் ஆள் இறந்துவிடுவார். அந்தந்த வகை நிமோகாக்கஸுக்கான ஆன்டிபாடி இரத்தத்தில் தலைகாட்டும் நாட்கள் அவை. புரூட்டனின் நோயாளிக்கு அந்த ஏழாம் நாள் ஒருபோதும் வந்திருக்க முடியாது. கிருமியை மருந்துதான் அடக்க வேண்டியிருந்தது. மருந்து நின்றபின், மற்றக் குழந்தைகளுக்கு ஒரு தாக்குதலோடு மிஞ்சும் நினைவு அவனுக்கு மிஞ்சவில்லை. பத்தொன்பதாவது முறையும் அவன் உடம்புக்கு நிமோகாக்கஸ் புதுக் கிருமிதான்.

உடம்பைக் காப்பது அணுக்களா, திரவமா என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய சண்டையே நடந்தது. 1882-இல் இத்தாலியின் மெசினாவில் இலியா மெச்னிகோவ், கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் லார்வாக்களுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். அலைந்து திரியும் செல்கள் முள்ளைச் சூழ்ந்துகொண்டதைப் பார்த்தார். விழுங்கும் செல்களே காவல் என்று வாதிட்டார். 1890-இல் பெர்லினில் பேரிங்கும் கிடசாட்டோவும், நோயை எதிர்கொண்ட விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்கு மாற்றினாலே அது டிப்தீரியாவிலிருந்தும் டெட்டனஸிலிருந்தும் தப்புகிறது என்று காட்டினார்கள். திரவமே காவல் என்று அந்தப் பக்கம் எழுந்தது. 1903-இல் லண்டனில் ஆல்ம்ராத் ரைட்டும் டக்ளஸும் இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன என்று சோதனைக் குழாயில் காட்டினார்கள்: சீரம் கிருமியைப் பதப்படுத்தினால் வெள்ளையணு அதிகம் விழுங்குகிறது. 1908 நோபல் பரிசை அணுக் கட்சியின் மெச்னிகோவும் திரவக் கட்சியின் பால் எர்லிக்கும் பகிர்ந்துகொண்டார்கள். சோதனைக் குழாயில் ரைட் கண்டதை ஒரு முழு மனித உடம்பில் நிறுவியது புரூட்டனின் சிறுவன். அவனிடம் விழுங்கும் அணுக்கள் இருந்தன, திரவம் இல்லை. திரவத்தை ஊற்றியவுடன் அதே அணுக்கள் வேலைக்கு வந்தன.

அடுத்து வந்த செய்தி இன்னும் வியப்பானது. 1950-களில் இதே நோயுள்ள குழந்தைகள் பல ஊர்களில் கண்டறியப்பட்டார்கள். அவர்களுக்குத் தட்டம்மை வந்தது. மற்றக் குழந்தைகளைப் போலவே தடிப்பு வந்து, ஆறி, குணமாகி எழுந்தார்கள். காமா இல்லாமல் எப்படி? வைரஸ் செல்லுக்குள் புகுந்துவிட்டால் ஆன்டிபாடிக்கு அங்கே எட்டாது. புகுந்த செல்லையே கண்டுபிடித்து அழிக்கும் டி செல்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இந்தக் குழந்தைகளிடம் அவை முழுதாக இருந்தன.

அதே குழந்தைகள் இன்னொரு வைரஸ் குடும்பத்திடம் தோற்றார்கள். போலியோ, எக்கோ, காக்ஸாக்கி ஆகிய குடல் வைரஸ்கள் இவர்களுக்கு மூளையிலும் மூளை உறையிலும் மாதக்கணக்கில் நீடிக்கும் நோயைத் தரக்கூடும். இந்த வைரஸ்கள் குடலில் பெருகி, இரத்தத்தில் பயணம் செய்து, நரம்பு மண்டலத்தை அடைகின்றன. அந்த இரத்தப் பயணத்தில் வழிமறிக்க ஆன்டிபாடி வேண்டும். இரண்டும் வைரஸ்தான், ஆனால் ஒன்று தட்டம்மை, இன்னொன்று எக்கோ. ஒரே குழந்தை ஒன்றை வெல்கிறது, இன்னொன்றிடம் விழுகிறது. 'எதிர்ப்புச் சக்தி' என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

மற்ற ஓட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். நாட்பட்ட கிரானுலோமா நோய் என்று ஒன்று உண்டு. அதில் ஆன்டிபாடிக்குக் குறைவே இல்லை. சொல்லப்போனால் அளவு கூடுதலாக இருக்கும். நியூட்ரோபில்களும் எண்ணிக்கையில் சரி, கிருமியை விழுங்குவதிலும் சரி. விழுங்கிய கிருமியைக் கொல்லத் தேவையான ஆக்சிஜன் வேதிப்பொருள்களை அவற்றால் உண்டாக்க முடியாது. இந்தக் குழந்தைகளைத் தாக்குவது ஸ்டெஃபிலோகாக்கஸும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையும். நிமோகாக்கஸ் இவர்களுக்கு வழக்கமாகப் பெரிய தொல்லை தருவதில்லை. புரூட்டனின் நோயாளிக்கு நேர் எதிர். காம்ப்ளிமென்ட் வரிசையின் கடைசிப் புரதங்கள் இல்லாதவர்கள் வாழ்நாளில் பெரும்பகுதி நன்றாகவே இருந்துவிட்டு, மெனிஞ்சோகாக்கஸ் என்ற ஒரே கிருமியால் மூளைக்காய்ச்சலில் விழுவார்கள், சிலர் பலமுறை விழுவார்கள். எச்ஐவி, உதவி டி செல்களைத் தின்று தீர்க்கிறது. அந்த இடைவெளியில் நம் நாட்டில் முதலில் நுழைவது பெரும்பாலும் காசநோய். 1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்த நாளிலிருந்து தமிழ்நாட்டு மருத்துவர்கள் இதைக் கண்ணால் பார்த்துவருகிறார்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் அதற்கேற்ற கிருமி. கிருமியைப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று ஊகிக்கலாம். அனுபவமுள்ள மருத்துவர்கள் அப்படித்தான் ஊகிக்கிறார்கள்.

இங்கே ஒரு தந்தையையும் மகனையும் சொல்ல வேண்டும். புரூட்டன் கட்டுரை எழுதிய அதே காலத்தில் பாஸ்டனில் சார்ல்ஸ் ஜேன்வே என்ற குழந்தை மருத்துவர் காமா குளோபுலின் இல்லாத குழந்தைகள் பலரைக் கவனித்துவந்தார். அத்தனை பேரும் ஆண்பிள்ளைகள் என்பதை அவர் குழு கண்டது. நோய் தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருகிறது என்பதற்கு அது முதல் தடயம். அவர் மகன், அதே பெயர் கொண்ட சார்ல்ஸ் ஜேன்வே, நோயெதிர்ப்பியல் ஆய்வாளரானார். ஆன்டிபாடியும் டி செல்லும் எழ ஒரு வாரம் ஆகிறதே, முதல் மணி நேரத்தில் 'வந்திருப்பது கிருமி' என்று உடம்புக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார். பிறவியிலேயே கிருமிகளின் பொது அடையாளங்களை அறியும் உணர்விகள் நம் செல்களில் இருக்க வேண்டும் என்று 1989-இல் முன்வைத்தார். அடுத்த பத்தாண்டுக்குள் அவை கண்டுபிடிக்கப்பட்டன. பின்னால் வரும் படை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தந்தை கண்டார். முன்னால் நிற்கும் படை எப்படி விழித்துக்கொள்கிறது என்று மகன் கேட்டார். புரூட்டனின் சிறுவனுக்கு அந்த முன்படை விழித்துத்தான் இருந்தது. காய்ச்சலும் நடுக்கமும் அதன் வேலைதான்.

பட்டறை எங்கே பழுதானது

ஆன்டிபாடியைச் செய்வது பிளாஸ்மா செல் என்பதை ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ் 1948-இல் காட்டியிருந்தார். காமா இல்லாத குழந்தைகளின் நிணநீர்க் கணுக்களில் மினசோட்டாவைச் சேர்ந்த ராபர்ட் குட் பிளாஸ்மா செல்களைத் தேடினார், கிடைக்கவில்லை. அப்படியானால் அவற்றின் தாய் செல் எங்கே பிறக்கிறது?

இதற்கு விடை ஒரு கோழிப் பண்ணையிலிருந்து வந்தது. கோழியின் கழிவாய்க்கு அருகே பர்சா என்றொரு பை உண்டு. அது எதற்கு என்று யாருக்கும் தெரியாமல் நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் குஞ்சுகளின் பர்சாவை அறுத்தெடுத்து என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார். உடன் படித்த திமோத்தி சாங், வகுப்பில் ஆன்டிபாடி உற்பத்தியைச் செய்துகாட்டக் கோழிகள் வேண்டுமென்று அவரிடம் சிலவற்றை வாங்கிப் போனார். சால்மோனெல்லா கொடுத்தும் பர்சா இல்லாத கோழிகளில் ஆன்டிபாடி வரவில்லை. செய்துகாட்டல் கெட்டுப்போனது; கண்டுபிடிப்பு பிறந்தது. பெரிய அறிவியல் இதழ் ஏற்காததால், 1956-இல் கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் அது வெளியானது. மனித நோயெதிர்ப்பை ஆராய்ந்தவர்கள் அந்த இதழைப் புரட்டுபவர்கள் இல்லை. சில ஆண்டுகள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

1961-இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குஞ்சின் நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பியை எடுத்தால் வேறு விதமான காவல் குலைகிறது என்று காட்டினார். 1965-இல் மேக்ஸ் கூப்பர், குட் ஆகியோரின் குழு கோழியில் இரண்டையும் இணைத்துப் பார்த்தது: பர்சாவை நம்பியிருக்கும் செல்கள் ஆன்டிபாடி செய்கின்றன, தைமஸை நம்பியிருக்கும் செல்கள் வேறு காவல் பார்க்கின்றன. பி செல், டி செல் என்று இன்று பள்ளிப் பாடத்தில் வரும் பிரிவு இதுதான். பிறவியிலேயே நோயெதிர்ப்பில் குறையுள்ள சிறுவர்களைக் கண்டபின்தான் கூப்பர் கோழியில் அந்தப் பிரிவைத் தேடினார். மனிதர்களுக்குப் பர்சா இல்லை. நமக்கு அந்த வேலை எலும்பு மஜ்ஜையில் நடக்கிறது.

1993-இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இயங்கிய இரு குழுக்கள் எக்ஸ் குரோமோசோமில் பழுதான மரபணுவைத் தனித்தனியே பிடித்தன. பிடிகே என்ற நொதிக்கான மரபணு அது. அதன் முழுப் பெயரில் புரூட்டன் பெயர் இருக்கிறது. மஜ்ஜையில் ஒவ்வொரு பி செல்லும் தன் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தனக்கென ஓர் ஆன்டிபாடியை வடிவமைக்கிறது. பாதி வேலை முடிந்ததும், 'சரியாக வந்திருக்கிறது, மேலே போ' என்ற சைகை உள்ளே போக வேண்டும். அந்தச் சைகையைக் கடத்துவது பிடிகே. அது இல்லாத செல் அங்கேயே நின்று மடிகிறது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பிறப்புகளில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பிடிகே இல்லாமல் பி செல் பிழைக்காது என்றால், பி செல்லில் வரும் புற்றுநோய்க்கு அதை அடைத்துப் பார்க்கலாமே? இப்ரூட்டினிப் என்ற மாத்திரை அந்த எண்ணத்தில் பிறந்து 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கு இன்று இந்தியாவிலும் தருகிறார்கள். அதை உட்கொள்பவர்கள் தொற்றுகளுக்கு விழிப்பாக இருக்க வேண்டியிருப்பது இயல்பே.

இன்று நம் ஊர்க் கிளினிக்கில்

காமா குளோபுலினை இரத்தக் குழாயில் ஏற்றும் ஐவிஐஜி வடிவம் 1980-களின் தொடக்கத்திலிருந்து கிடைக்கிறது. ஒரு புட்டியில் ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் பிளாஸ்மா கலந்திருக்கும். முறையாக எடுத்துக்கொள்ளும் குழந்தை பள்ளிக்குப் போகிறது, வேலைக்குப் போகிறது, வளர்கிறது. குறைகளும் இருக்கின்றன. வாழ்நாள் முழுதும் ஏற்ற வேண்டும். மாதாமாதம் ஆகும் செலவு நம் நடுத்தரக் குடும்பங்களையே அசைத்துவிடும். அதில் இருப்பது பெரும்பாலும் ஐஜிஜி மட்டுமே. மூச்சுக்குழாயின் மேற்பரப்பில் சுரக்கும் ஐஜிஏ கிடைப்பதில்லை. அதனால் செப்சிஸ் நின்றாலும் சளித் தொற்றுகள் தொடர்ந்து, சிலருக்கு மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோகின்றன. தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு இது அதிகம். ஆகவே சீக்கிரம் கண்டறிவதுதான் முக்கியம்.

கண்டறிவது கடினமும் இல்லை. ஒரு குழந்தைக்குச் சளி பிடிப்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. பால்வாடிக்குப் போகும் பிள்ளைக்கு ஆண்டில் ஆறேழு முறை மூக்கொழுகுவது சாதாரணம். மருத்துவமனையில் சேர்க்கும்படியான நிமோனியா ஓராண்டில் இரண்டு முறை, காதில் சீழ் திரும்பத் திரும்ப, இரத்தத்திலோ மூட்டிலோ எலும்பிலோ கிருமி என்று வந்தால் சந்தேகிக்க வேண்டும். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த ஐஜிஜி முதல் சில மாதங்கள் காக்கும் என்பதால், நோய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகே தலைகாட்டும். தாய்மாமன் யாராவது சிறுவயதில் இப்படி இறந்ததுண்டா என்று பாட்டியிடம் கேட்க வேண்டும். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்க வேண்டும். டான்சில் என்பது பெரும்பாலும் பி செல்களின் கூட்டம். அடிக்கடி தொற்று வரும் குழந்தைக்கு டான்சில் வீங்கியிருக்க வேண்டும். இவர்களுக்கு டான்சில் கண்ணுக்கே தெரியாது, அல்லது மிகச் சிறியதாக இருக்கும். காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. எல்லா மருத்துவரும் செய்தால் எத்தனையோ நுரையீரல்கள் தப்பும்.

பிறகு இரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் ஆகிய ஆன்டிபாடி வகைகளின் அளவுகள். வயதுக்கேற்ற அளவோடு ஒப்பிட வேண்டும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்குத் தாய் கொடுத்தது தீர்ந்து சொந்த உற்பத்தி ஏறாமல் இருக்கும், அளவு இயல்பாகவே தாழ்ந்திருக்கும். அதைவிடச் சின்னக் குழந்தையிடம் இருக்கும் ஐஜிஜி தாயுடையதாக இருக்கலாம். அப்போது ஃப்ளோ சைட்டோமெட்ரி வழியாக பி செல்களை எண்ணுவதுதான் வழி. இந்த நோயில் அவை நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இருக்கும்.

நிமோகாக்கஸுக்கான கான்ஜுகேட் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுதும் அரசுத் திட்டத்தில் ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று போடப்படுகிறது. சர்க்கரை உறைக்கு எதிராக இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு ஆன்டிபாடி சரியாக எழாது. உறைச் சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் எழும். பி செல் உள்ள குழந்தைகளுக்கு இது நல்ல காவல். பி செல்லே இல்லாத குழந்தைக்கு, புரூட்டன் போட்ட ஊசிகளுக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும். அவர்களைக் காப்பது ஐவிஐஜிதான்.

போலியோ சொட்டு மருந்து வேறு விஷயம். அதில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட, உயிருள்ள வைரஸ். காமா இல்லாத குழந்தையின் குடலில் அது நெடுநாள் தங்கிப் பெருகக்கூடும், வாதமும் வரக்கூடும். மூத்த பையனுக்கு இந்நோய் உறுதியான வீட்டில் அடுத்து ஆண் குழந்தை பிறந்தால், பிறந்தவுடன் பி செல் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். முடிவு வரும்வரை சொட்டு மருந்தை நிறுத்திவைத்துக் குழந்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் உள்ள மற்றக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி வடிவப் போலியோ தடுப்பு மருந்தே போட வேண்டும். சொட்டு மருந்து எடுத்த குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வைரஸ் வெளியேறும்; ஒரே வீட்டில் அது நோயுள்ள பையனை எளிதாக அடைந்துவிடும்.